பழைய வண்டிக்கு ஒரு முட்டுச் சட்டம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியம் பற்றியும் சமயம் பற்றியும் பேசுவது வழக்கம். நான் அவ்வளவு கற்றவன் அல்லன். மெட்ரிக்குலேஷன் தேறி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, இன்றுவரை பேரேடும் பட்டியலுமாகக் காலம் கழிப்பவன். "உமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசும், அது போதும்" என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு நன்றாகத் தெரியும் என்று துணிந்து சொல்லக்கூடியது ஒன்றே உண்டு. எங்கள் வீட்டுப் பழைய காரின் அடிப்பகுதி தளர்ந்தபோது, அதற்கு இரும்பில் ஒரு முட்டுச் சட்டம் செய்து பொருத்தினேன். முதல் முறை தவறாகச் செய்தேன். அந்தத் தவற்றினால் என் மகளையே இழந்திருப்பேன். இரண்டாம் முறை சரியாகச் செய்தேன். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறேன்.

எங்கள் கார் பிரீமியர் பத்மினி. இந்நகரில் வாழ்ந்தவருள் அதில் ஏறாதவர் அரியர். 1944ஆம் ஆண்டில் வால்சந்த் ஹீராசந்த் தோற்றுவித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், நமக்கு அண்மையிலுள்ள குர்லாவில் தொழிற்சாலை அமைத்து, இத்தாலிய ஃபியட் நிறுவனத்தின் உரிமம் பெற்று இவ்வண்டியைச் செய்துவந்தது. முதலில் ஃபியட் என்பதே பெயர். 1970களில்தான் பத்மினி என்னும் பெயர் வந்தது. நெடுங்காலம் மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றால் இதுவே கண்முன் நிற்கும். டாக்சிகள் இருபது ஆண்டுக்கு மேல் ஓடலாகாது என்ற விதி வந்தபின் அவை ஒவ்வொன்றாக மறைந்தன. 2003 அக்டோபர் 29ஆம் நாள் தாடதேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான கடைசிப் பத்மினி டாக்சியும் 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் கார்களுக்கு அந்த இருபது ஆண்டு விதி இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்ததும் தகுதி பார்த்து, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பித்துத் தருகிறார்கள். அவ்வாறு உயிர் தரித்து நிற்கும் வண்டிகளுள் எங்களுடையதும் ஒன்று.

என் தந்தையாரும் இரயில்வேயில் உழைத்தவரே. 2006இல் ஓய்வு பெற்றபோது சேமநிதியில் ஒரு பகுதியைக் கொடுத்து, பிறரிடம் பன்னிரண்டு ஆண்டு ஓடியிருந்த அந்தக் காரை வாங்கினார். வாழ்நாள் முழுவதும் பிறருடைய வண்டிகளுக்குக் கொடி காட்டியவருக்குத் தமக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலையில் என் தாயாரை முன்னிருக்கையில் அமர்த்தி, மாதுங்காவுக்குக் கோயிலுக்கு அழைத்துச் செல்வார். தாயார் மறைந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அவர் வைத்துச் சென்ற குங்குமச் சிமிழ் இன்றும் டாஷ்போர்டின் அறையில் இருக்கிறது. ஆகவே, "பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்று மெக்கானிக் சொன்னபோது தந்தையார் மறுமொழி கூறாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

வண்டிக்கு நேர்ந்த நோய் என்ன? வலப்புறக் கதவுகளை அறைந்து சாத்தினால்தான் மூடும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கூரையிலிருந்து முனகல் கேட்கும். ஒரு நாள் டயர் மாற்ற ஜாக்கியில் தூக்கினேன். வண்டி உயர உயரக் கதவின் மேல் இடைவெளி குறுகிக் கதவு இறுகிக்கொண்டது. இறக்கியதும் மீண்டும் தளர்ந்தது. உடல் வளைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. உங்களுள் பழைய கார் வைத்திருப்போர் இன்றே இச்சோதனையைச் செய்து பார்க்கலாம்.

இவ்விடத்தில் வண்டியின் அமைப்பைச் சிறிது விளக்க வேண்டும். நெடுஞ்சாலையில் புது லாரியின் வெறும் சேசிஸ் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். கூண்டும் இல்லை, கூரையும் இல்லை. ஓட்டுநர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திறந்த இருக்கையில் அமர்ந்து ஓட்டிச் செல்வார். அங்கே பாரம் தாங்குவன இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள். மேலே வரும் கூண்டு வெறும் போர்வை. பத்மினியில் அத்தகைய சட்டம் கிடையாது. தரை, கதவுகளுக்குக் கீழே இரு புறமும் நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டி, கதவுத் தூண்கள், கூரை ஆகிய எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பாரத்தைத் தாங்குகின்றன. இதனை மோனோகாக் என்பர். 1922இல் இத்தாலியில் வெளிவந்த லான்சியா லாம்ப்டாவும், 1934இல் பிரான்சில் வெளிவந்த சித்ரோயன் காரும் இவ்வழியில் முன்னோடிகள். பத்மினிக்கு மூலமான ஃபியட் 1100, 1953இல் இவ்வமைப்பைப் பெற்றது.

இதன் வலிமையை அறிய ஒரு தீப்பெட்டி போதும். உள் தட்டை மட்டும் எடுத்துத் திருகிப் பாருங்கள், எளிதில் முறுகும். மேலுறைக்குள் செருகிவிட்டுத் திருகுங்கள், முறுகாது. மூடிய பெட்டி என்பதே வலிமை. அதில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டால் மற்ற மூன்று பக்கங்களும் இருந்தும் பயனில்லை. எங்கள் வண்டியில் அப்படிக் கிழிந்திருந்தது கதவுகளுக்குக் கீழுள்ள வலப்புறப் பெட்டி. மும்பையின் உப்புக் காற்றும், நான்கு மாத மழையும், கதவின் ரப்பர் வழியே உள்ளே இறங்கிய நீரும், அந்த நீர் வெளியேற வேண்டிய துளைகளை அடைத்த சேறும் சேர்ந்து அதை உள்ளிருந்தே தின்றுவிட்டன. வெளியே வண்ணம் மட்டும் பளபளத்தது.

இதை அறியாமலேயே நான் வேலையில் இறங்கினேன். ஆறு மில்லிமீட்டர் கனமும் ஐம்பது மில்லிமீட்டர் அகலமும் உள்ள இரும்புப் பட்டை இரண்டு வாங்கி, தரையின் அடியில் முன்பின்னாகப் படுக்கை வசமாக வைத்து, துளையிட்டு, சாதாரண வாஷரும் போல்ட்டும் போட்டு முடுக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. கதவுகள் முன்னைவிட நன்றாக மூடின. தந்தையார் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். குடியிருப்பில் நான்கு பேர் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

ஆறு வாரங்கள் சென்றன. ஆடி மாத மழையில், செம்பூரில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் புறப்பட்டோம். நான் ஓட்டினேன், பின்னிருக்கையில் தந்தையாரும் ஒன்பது வயதான என் மகளும். சாலையின் பள்ளமொன்றில் வலப்புறச் சக்கரம் தடாரென்று விழுந்தது. அடியில் ஏதோ கிழியும் ஓசை கேட்டது. அதைப் பொருட்படுத்தாமல் இடப்புறம் திரும்பினேன். திரும்பும்போது வண்டியில் உள்ளோர் வலப்புறம் சாய்வர் அல்லவா? அக்கணமே வலப்புறப் பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. மகள் சாய்ந்தாள். தந்தையார் அவளுடைய பாவாடைச் சட்டையின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டார். எழுபத்தெட்டு வயதுக் கைக்கு அவ்வளவு விரைவு எங்கிருந்து வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் பிரேக் போட்டு நிறுத்தினார். எவருக்கும் காயமில்லை. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தியபோது என் கால்கள் நடுங்கின. "போகலாம்" என்று மட்டும் தந்தையார் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் தாராவி 90 அடிச் சாலைக்கு அருகில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் கீழே படுத்துப் பார்த்தார். என் இரும்புப் பட்டை வளைந்து தொங்கியது. போல்ட்டுகள் எதுவும் அறுந்துபோகவில்லை. அவை மாட்டியிருந்த தரைத் தகடுதான் வட்ட வட்டமாகப் பிய்ந்து வந்திருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, செத்த தகட்டிலே நல்ல இரும்பைக் கட்டியிருக்கிறீர்கள். இதற்குக் கட்டாமலே விட்டிருக்கலாம். கதவு மூடாத வரைக்கும் உங்களுக்குப் பயமாவது இருந்தது" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏனெனில், அதை அறிந்திருக்க வேண்டியவன் நான். மாதுங்காவில் 1915 முதல் இயங்கிவரும் இரயில் பெட்டித் தொழிற்சாலையின் கணக்குகளோடு பழகியவன் நான். 1955 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய பெரம்பூர்த் தொழிற்சாலையில், சுவிட்சர்லாந்து முறையைப் பின்பற்றிச் செய்த எஃகுப் பெட்டிகளும் பத்மினியைப் போன்றவைதாம். உடலும் அடிச்சட்டமும் ஒன்றாய்ப் பாரம் தாங்குபவை. கழிப்பறையை ஒட்டிய இடங்களில் அவற்றின் அடித்தகடு துருவேறும். தொழிலாளர் முதலில் துருவை நன்றாகத் தேடிக் காண்பர். கெட்டதை நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி எடுப்பர். அதன் பின்னரே புதுத் தகட்டைப் பற்றவைப்பர். அவ்வேலைக்கான தகட்டுக் கணக்கை எத்தனையோ முறை என் கையால் எழுதியிருக்கிறேன். எழுதினேனே ஒழிய, ஏன் வெட்டுகிறார்கள் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை செய்ததை முறையாகச் சொல்கிறேன்.

முதற்கண் தேர்வு. சுத்தியலின் பிடியால் அடிப்பகுதி முழுவதையும் தட்டினோம். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருவேறியது பொத்தென்று ஒலிக்கும். ஐயமுள்ள இடங்களில் திருப்புளியால் குத்திப் பார்த்துச் சாக்கட்டியால் வட்டமிட்டோம். முட்டுச் சட்டத்துக்கு நான்கு நல்ல இடங்கள் வேண்டும். முன்னால் எஞ்சினைத் தாங்கும் பெட்டிச் சட்டங்கள் தரையோடு சேரும் இடங்கள் இரண்டு. பின்னால் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் இடங்கள் இரண்டு. பாரம் வண்டியின் உடலுக்குள் நுழையும் வாயில்கள் இவையே. எங்கள் நற்பேறு, நான்கும் உறுதியாக இருந்தன.

அடுத்தது நிமிர்த்துதல். வளைந்த உடலில் சட்டத்தைப் பொருத்தினால் வளைவே நிலைத்துவிடும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தடித்த மரக்கட்டைகளின்மேல் பரவலாகத் தாங்கச் செய்து, நடுவில் ஜாக்கியால் சிறிது சிறிதாக உயர்த்தினோம். கதவு வாயிலின் மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்தேன். வலப்புறத்துக்கும் இடப்புறத்துக்கும் முதலில் 9 மில்லிமீட்டர் வேறுபாடு; அது 2 மில்லிமீட்டராகக் குறைந்ததும் நிறுத்தி, கதவு வாயிலின் குறுக்கே தற்காலிகக் கம்பி ஒன்றைப் பற்றவைத்தோம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டியின் அடியில் எவரும் தலை கொடுக்கக் கூடாது. இதை இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

அதன்பின் அறுவை. பாட்டரியைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியையும் குழாயையும் அப்புறப்படுத்தி, மணல் வாளியை அருகில் வைத்துக்கொண்டு, கெட்ட தகட்டை வெட்டினோம். வாளி நிறையத் துருத்தூள் விழுந்தது. 1.2 மில்லிமீட்டர் தகட்டை மடித்துப் புதுப் பெட்டி செய்து, ஒரே இழையாகப் பற்றவைக்காமல், சூட்டினால் தகடு கோணாதபடி அங்கொரு புள்ளி இங்கொரு புள்ளியாக வைத்து இணைத்தார் அண்ணாச்சி. மூன்று நாள் வேலை அது. சட்டத்தின் வேலை இன்னும் தொடங்கவே இல்லை.

நான்காம் நாள்தான் முட்டுச் சட்டம். இம்முறை பட்டையை விட்டு, 40 மில்லிமீட்டர் சதுரமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாயை எடுத்துக்கொண்டோம். இதற்குக் கணக்கு உண்டு. என் பழைய பட்டையைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தியிருந்தாலே வளையாத வலிமை ஏறக்குறைய எழுபது மடங்கு கூடியிருக்கும். சதுரக் குழாய்க்கோ நூறு மடங்குக்கு மேல். முறுக்கத்துக்கும் மூடிய குழாயே வலிது. அதே குழாயை நீளவாக்கில் ஒரு கோடு அறுத்துத் திறந்துவிட்டால், முறுக்கைத் தாங்கும் வலிமை நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. தீப்பெட்டி சொன்ன பாடமே இது.

ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் நீளமுள்ள இரு குழாய்களை இருபுறமும் முன்பின்னாக ஓடவிட்டு, நடுவே ஒரு குறுக்குக் குழாயால் இணைத்தோம். கனத்த குழாயை மெல்லிய தகட்டில் நேரே பற்றவைத்தால் தகடு எரிந்து ஓட்டை விழும். பாரமும் ஓரிடத்திலேயே குவியும். ஆகவே ஒவ்வொரு முனையிலும் உள்ளங்கை அகலத் தகட்டை முதலில் பரப்பி, அதன்மேல் குழாயை வைத்தோம். முன்னர் நான் செய்த பெரும்பிழை இதை விட்டதுதான். குறுக்குக் குழாயை மட்டும் போல்ட்டில் மாட்டினோம். கீழே சுழலும் தண்டைப் பழுதுபார்க்க வேண்டும்போது கழற்றலாம். குழாய்க்குள் போல்ட் நுழையும் இடத்தில் சிறு குழாய்த் துண்டு ஒன்றைச் செருகிப் பற்றவைத்தோம். இல்லையேல் முடுக்கும்போது குழாய் நசுங்கும். புகைக்குழாய், கைப்பிரேக் கம்பி, பிரேக் குழாய் எவற்றிலும் உரசாதபடியும், வேகத்தடையில் இடிக்காதபடியும் பார்த்துக்கொண்டோம். கடைசியில் துத்தநாக வண்ணம். பெட்டிகளின் உள்ளே மெழுகெண்ணெய். நீர் வெளியேறும் துளைகளைத் திறந்து வைத்தல். கூடிய எடை பதினைந்து கிலோ அளவே. வண்டியின் எடையோ ஏறக்குறைய 900 கிலோ.

இப்போது ஜாக்கியில் தூக்கினால் கதவின் இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறுவதில்லை. பதிவைப் புதுப்பிக்கச் சென்றபோது சட்டத்தை மறைக்காமல் காட்டி விவரம் சொன்னேன். உற்பத்தியாளர் குறித்த அமைப்பை மனம்போல் மாற்றலாகாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுவதால், இத்தகைய வேலையில் இறங்குவோர் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிவது நலம்.

முட்டுச் சட்டம் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. மரத்தாலான இரயில் பெட்டிகள் ஓடிய காலத்தில், நடுப்பகுதி தொய்ந்துவிடாதபடி, அடியில் இரு முனைகளிலிருந்தும் இரும்புக் கம்பிகளை இழுத்து, இடையே குத்துக்கால் நிறுத்தித் திருகி முடுக்குவார்கள். ஊரில் நம் முன்னோர் சாயும் சுவருக்கு முட்டுக் கொடுத்ததும் இதே அறிவினால்தான். எனினும் மண்ணில் ஊன்றாத முட்டு சுவரைத் தாங்குமோ? முட்டு தானாக வலிமையை உண்டாக்குவதில்லை. ஓரிடத்து வலிமையை இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்ப்பதே அதன் தொழில். இரு முனையும் நல்லதாயிருந்தால் நடுவிலுள்ளதைக் காக்கும். முனை கெட்டிருந்தால், கெட்டதை மறைக்கும். மறைத்து, நம்பியவரைக் கவிழ்க்கும்.

சென்ற தீபாவளிக்குப் பின் செம்பூரிலிருந்து நண்பர் ஒருவர் தம் தந்தையின் பழைய காரோடு வந்தார். "உங்கள் வண்டிக்குச் செய்தது போலவே எனக்கும் செய்து தாருங்கள், எவ்வளவு ஆனாலும் கொடுக்கிறேன்" என்றார். அண்ணாச்சியும் நானும் ஒரு முற்பகல் முழுவதும் தட்டிப் பார்த்தோம். நான்கு நல்ல இடங்கள் வேண்டிய வண்டியில் ஒன்றுதான் கிடைத்தது. அண்ணாச்சி பணம் வாங்க மறுத்துவிட்டார். நண்பரின் கண்கள் கலங்கின. அவரிடம் என் மகளின் கதையைச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து, ஸ்டீயரிங் சக்கரத்தை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு, வண்டியைக் குர்லாவில் கொடுத்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார். அவர் செய்தது சரி. எங்கள் வண்டிக்கும் அந்த நாள் வரும். வரும்போது தட்டிப் பார்த்து உண்மையை ஒப்புக்கொள்ள எனக்கு மனவலிமை வேண்டும்.

இன்று வெள்ளிக்கிழமைகளில் தந்தையாரை நான் அழைத்துச் செல்கிறேன். மகள் பின்னால் அமர்வாள். புறப்படுமுன் தந்தையார் தாமே வலப்புறப் பின்கதவை மெல்லச் சாத்தி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தம் இடத்தில் அமர்வார். என்னிடம் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று நான் வருந்துவதில்லை. அவ்வாறு இழுத்துப் பார்ப்பதே முறை என்று இப்போது அறிந்திருக்கிறேன்.